நெல் ஊறல் தண்ணீருக்கு ஒரு கல்வாழைப் படுகை: முழுமையான வழிகாட்டி

பாரம்பரிய நெல்லை விவசாயிகளே ஊறவைத்து, அவித்து, காயவைத்து, அரைத்து விற்கும் சின்னச் சின்னப் புழுங்கல் கூடங்கள் இன்று டெல்டாவில் நிறைய இருக்கின்றன. திருத்துறைப்பூண்டி பக்கம் ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் நடத்திய நெல் திருவிழாவில் இரண்டு கிலோ விதை வாங்கிப் போய், மறு வருஷம் நான்கு கிலோவாகத் திருப்பிக் கொடுத்த விவசாயிகளை எனக்குத் தெரியும். மாப்பிள்ளைச் சம்பாவும் கருப்புக் கவுனியும் அப்படித்தான் வயலுக்கு வந்தன. வயலிலிருந்து ஊறல் தொட்டிக்கும் வந்தன.

தொட்டியைத் திறந்ததும் வெளியே ஓடுகிற தண்ணீரைத்தான் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. தேநீர் நிறத்தில், புளித்த கஞ்சி வாடையோடு, கொல்லைப்புற வாய்க்காலில் போய்த் தேங்கும். நாலாம் நாள் அதன்மேல் சாம்பல் நிற ஆடை படியும். எங்கள் கூடத்துக்குப் பின்னால் இருந்த வாய்க்காலும் அப்படித்தான் கிடந்தது. இரண்டு வீடு தள்ளியிருந்த அத்தை, சாப்பிடும் நேரத்தில் ஜன்னலைச் சாத்திக்கொள்வதைப் பார்த்த பிறகுதான் நாங்கள் வேலையைத் தொடங்கினோம்.

ஒரு நாளைக்கு 1 டன் நெல் ஊறவைக்கும் கூடத்தை அளவாக எடுத்துக்கொண்டு, தொடக்கம் முதல் கடைசிவரை சேர்ந்தே போகலாம். உங்கள் கூடம் சிறியதானால் அளவுகளை அதே விகிதத்தில் குறைத்துக்கொள்ளுங்கள்.

இது என்ன தண்ணீர்?

1 டன் நெல்லை ஊறவைக்கச் சுமார் 1,200 லிட்டர் தண்ணீர் விடுகிறோம். நெல் அதில் இருநூறு லிட்டருக்கு மேல் குடித்துக்கொள்கிறது. மீதி ஏறக்குறைய 1,000 லிட்டர் வடிந்து வெளியே வரும்.

அந்தத் தண்ணீரில் விஷம் எதுவும் இல்லை. மாவுச்சத்து, சர்க்கரை, உமியிலிருந்து இறங்கிய சாயம், தூசி, கொஞ்சம் தழைச்சத்தும் மணிச்சத்தும், அவ்வளவுதான். இவை நுண்ணுயிர்களுக்கு நல்ல தீனி என்பதுதான் சிக்கல். நுண்ணுயிர்கள் தின்னத் தின்னத் தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் தீர்ந்துபோகும். குளத்துக்குள் போனால் மீன் மூச்சுவிட முடியாமல் மிதக்கும்.

தின்பதற்கு எவ்வளவு ஆக்சிஜன் தேவைப்படும் என்பதை அளக்கும் கணக்குக்குப் பெயர் பி.ஓ.டி. வீட்டுச் சாக்கடையில் அது லிட்டருக்கு 200, 300 மில்லிகிராம் இருக்கும். ஊறல் தண்ணீரில் 1,000-ஐ ஒட்டி இருக்கும் என்று வைத்துக்கொண்டே நாம் திட்டம் போடுவோம். நம் நாட்டுச் சட்டப்படி, சுத்தம் செய்த தண்ணீரை நிலத்தில் பாய்ச்ச பி.ஓ.டி. 100-க்குள் இருக்க வேண்டும். ஆறு, குளம், வாய்க்காலில் விட 30-க்குள் இருக்க வேண்டும். நாம் வாய்க்காலில் விடப்போவதில்லை, நம் வாழைக்கே பாய்ச்சப்போகிறோம். ஆனாலும் 50-க்கு இறக்குவதை இலக்காக வைத்துக்கொள்வோம்.

செடி எப்படிச் சுத்தம் செய்கிறது?

கிணற்றடியிலும் பாத்திரம் துலக்கும் இடத்திலும் பாட்டிமார் கல்வாழை வைத்திருந்ததைப் பார்த்திருப்போம். அதே வேலையைத்தான் அளவோடும் கணக்கோடும் செய்யப்போகிறோம். சம்பு, கோரை போன்ற நீர்ச்செடிகளைக் கொண்டு கழிவு நீரைச் சுத்தம் செய்வதை 1950-களில் ஜெர்மனியில் கேத்தே சைடல் என்ற பெண் விஞ்ஞானி ஆராயத் தொடங்கினார். அவருக்குப் பின் வந்த ரைன்ஹோல்ட் கிக்குத் அதை வேர் மண்டல முறையாக வளர்த்தெடுத்தார். நம் பக்கத்தில் ஆரோவில்லில் இப்படிப்பட்ட படுகைகள் வருஷக்கணக்காக வேலை செய்கின்றன. ஒருமுறை நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்தால் பாதிச் சந்தேகம் தீரும்.

தண்ணீர்ப்பிடிப்பான ஒரு குழி, அதில் நிறைய ஜல்லி, ஜல்லிக்குள் வேர், வேருக்கு இடையே மெல்ல நகரும் தண்ணீர். ஜல்லியின் மேலும் வேரின் மேலும் வழவழப்பாக ஒரு படலம் ஒட்டி வளரும். அழுக்கைத் தின்பது அந்தப் படலத்தில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள். செடி தன் தண்டு வழியாக வேருக்குக் கொஞ்சம் காற்று இறக்குகிறது, படலத்துக்கு இடம் கொடுக்கிறது, சத்தை உறிஞ்சிக்கொள்கிறது.

ஒன்றை மட்டும் இப்போதே மனதில் நிறுத்திக்கொள்வோம். செடிதான் எல்லாம் செய்யும் என்று நம்பி, புளித்த தண்ணீரை நேரே படுகைக்குள் விட்டால் ஒரே பருவத்தில் படுகை அடைத்துப்போகும். பாதிக்கு மேற்பட்ட அழுக்கைச் செடிக்கு முன்னாலேயே எடுத்துவிட வேண்டும். பார்க்க அழகில்லாத தொட்டிகள்தான் அதைச் செய்யும். செலவைக் குறைக்க நினைக்கும் யாரும் முதலில் கைவைப்பது அவற்றின்மேல்தான். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள்.

முதலில் கூடத்துக்குள்

மண்வெட்டியைத் தொடுவதற்கு முன் ஒரு வாரம் கூடத்தைக் கவனிப்போம். நெல்லைத் தூற்றி, பதரும் மண்ணும் போக்கி ஊறவைத்தால் அழுக்கில் ஒரு பங்கு அங்கேயே நின்றுவிடும். பச்சைத் தண்ணீரில் இரண்டு மூன்று நாள் ஊறப்போட்டால் தண்ணீர் நன்றாகப் புளிக்கும். வெந்நீரில் ஐந்தாறு மணி நேரம் ஊறவைத்தால் புளிப்பு வெகுவாகக் குறையும், அரிசியிலும் வாடை ஏறாது.

தினமும் எத்தனை லிட்டர் வடிகிறது என்று வாளியால் அளந்து எழுதுங்கள். தொட்டி கழுவும் தண்ணீரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கொதிகலனிலிருந்து இறக்கும் தண்ணீரையும் கூரையில் விழும் மழைநீரையும் இதோடு சேர்க்கவே கூடாது. அவற்றுக்கு வேறு வழி பார்த்துவிடுவோம்.

ஒரு தடவை பரிசோதனைக் கூடத்தில் பி.ஓ.டி., பிஹெச், மிதக்கும் திடப்பொருள் ஆகிய மூன்றையும் பார்த்துவிடுவது நல்லது. தண்ணீரை ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். மறுநாள் கொடுத்தால் கணக்கு மாறிவிடும்.

எவ்வளவு இடம்?

படுகைக்கு 33 அடி நீளம், 10 அடி அகலம். மீட்டரில் சொன்னால் 10-க்கு 3, அதாவது 30 சதுர மீட்டர். தொட்டிகளுக்கும் நடமாட்டத்துக்கும் சேர்த்து ஒன்றரை சென்ட் ஒதுக்கினால் தாராளம்.

இந்த அளவுக்குக் கணக்கு உண்டு. தொட்டிகளைத் தாண்டி வரும்போது பி.ஓ.டி. 400-க்குக் கீழே வந்திருக்கும் என்று கொள்கிறோம். அதை 50-க்கு இறக்க, கிக்குத் சூத்திரத்தின்படி 20 சதுர மீட்டருக்குக் கொஞ்சம் கூடத் தேவை. பருவ உச்சத்தில் நெல் கூடுதலாக வரும், ஒருநாள் தண்ணீர் அதிகம் புளிக்கும். அதற்காக 30 ஆக்கிக்கொள்கிறோம். இதில் தண்ணீர் ஏறக்குறைய ஆறு நாள் தங்கி நகரும்.

வெயில் நன்றாகப் படும் இடமாகப் பார்ப்போம். குடிநீர்க் கிணற்றிலிருந்து குறைந்தது 50 அடி தள்ளி இருக்கட்டும். பக்கத்தில் சீமைக்கருவேலமோ மூங்கிலோ வேண்டாம், அதன் வேர் குழிக்குள் நாம் விரிக்கப்போகும் பிளாஸ்டிக் ஷீட்டைக் குத்திவிடும்.

எப்போது தொடங்குவது?

தை அறுவடைக்குப் படுகை தயாராக வேண்டுமானால் ஆடியில் தொடங்க வேண்டும். ஆடி, ஆவணியில் குழியும் தொட்டியும். புரட்டாசியில் நடவு. ஐப்பசி, கார்த்திகை மழையில் செடி தானாகத் தூர் கட்டும். மார்கழியில் தண்ணீரைப் பழக்கினால் தையில் முழு வேலைக்கு வந்துவிடும்.

டெல்டாக்காரர்களுக்கு மட்டும் ஒரு சொல். மழைக்காலத்தில் நம் நிலத்தடி நீர் கையெட்டும் தூரத்துக்கு ஏறிவிடும். குழி வெட்டி, ஷீட் விரித்து, ஜல்லி போடாமல் விட்டிருக்கும்போது மழை பிடித்துக்கொண்டால், அடியிலிருந்து வரும் ஊற்று ஷீட்டைப் பந்துபோலத் தூக்கிவிடும். வெட்டிய வாரத்திலேயே ஜல்லி உள்ளே போயிருக்க வேண்டும். மிகத் தாழ்ந்த இடமென்றால் குழியே வேண்டாம், தரைமேல் ஹாலோபிளாக் சுவர் எழுப்பி அதற்குள் ஷீட் விரிக்கலாம். செலவு கூடும், தொல்லை இருக்காது.

முதல் நிலை: தேக்கத் தொட்டி

ஊறல் தொட்டியைத் திறந்தால் 1,000 லிட்டரும் அரை மணி நேரத்தில் வந்து கொட்டும். அப்படியே அனுப்பினால் பின்னால் இருக்கும் எல்லாமே அலசிக்கொண்டு போய்விடும். வந்ததைத் தேக்கி, ஆறவைத்து, இருபத்துநான்கு மணி நேரமும் சிறுகச் சிறுக விடுவதுதான் இந்தத் தொட்டியின் வேலை.

தரைமட்டத்தில் செங்கல் வைத்து, 6 அடி நீளம், 4 அடி அகலம், 2 அடி உயரத்தில் கட்டுவோம். அகலமாக, ஆழம் குறைவாக இருந்தால் சூடு சீக்கிரம் இறங்கும். தண்ணீர் நுழையும் இடத்தில் கொசுவலைக் கம்பியால் ஒரு கூடை மாட்டினால் உமியும் பதரும் அதிலேயே நிற்கும். அந்தக் கூடையைத் தினமும் உதறிக் கழுவ வேண்டும்.

வெளியேறும் குழாயை அடியிலிருந்து 3 இன்ச் மேலே வைத்து ஒரு வால்வு போடுவோம். எவ்வளவு திறப்பது? ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் குழாய்க்குக் கீழே பிடித்துக் கடிகாரத்தைப் பாருங்கள். பாட்டில் நிரம்ப ஒன்றரை நிமிடம் ஆனால் அதுதான் நமக்கு வேண்டிய வேகம். வால்வின் கைப்பிடி அப்போது எங்கே நிற்கிறதோ அங்கே பெயின்டால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். மறுநாள் வேறு யார் திறந்தாலும் சரியாக இருக்கும்.

ஊறல் தொட்டியின் வடிகுழாய் இந்தத் தொட்டியைவிட உயரத்தில் இருந்தால் மோட்டாரே தேவையில்லை. இல்லாவிட்டால் அரை ஹெச்பி கழிவு நீர் மோட்டார் ஒன்று போதும்.

புளித்த தண்ணீரின் பிஹெச் 5-ஐ ஒட்டி இருக்கும். அடுத்த தொட்டியில் வேலை செய்யப்போகும் நுண்ணுயிர்களுக்கு 6.5 முதல் 7.5 வரை இருந்தால்தான் பிடிக்கும். ஆகவே இங்கேயே சுண்ணாம்பு போடுகிறோம். கால் கிலோ நீற்றிய சுண்ணாம்பை வாளித் தண்ணீரில் கரைத்து ஊற்றி, கழியால் கலக்கி, பிஹெச் காகிதத்தை நனைத்துப் பார்ப்போம். போதவில்லை என்றால் இன்னும் கொஞ்சம். இரண்டு வாரத்தில் உங்கள் நெல்லுக்கு எவ்வளவு என்பது கைக்கு வந்துவிடும். 8-ஐத் தாண்ட விடாதீர்கள்.

இரண்டாம் நிலை: மூன்று உறைத் தொட்டிகள்

கிணற்றுக்குப் போடும் 4 அடி விட்டமுள்ள சிமெண்ட் உறைகளை எடுத்துக்கொள்வோம். ஒரு தொட்டிக்கு ஆறு உறை, மூன்று தொட்டிக்குப் பதினெட்டு. 4 அடி உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் ஒன்றில் 1,400 லிட்டர் பிடிக்கும். ஆக, உள்ளே போடப்போகும் கல் அடைக்கும் இடம் போக, தண்ணீர் இந்த மூன்றிலும் மூன்று நாளுக்கு மேல் தங்கும்.

குழி வெட்டி, அதன் தரையில் 4 இன்ச் காங்கிரீட் போட்டு, இணைப்புகளை உள்ளும் புறமும் சிமெண்ட் பூசி, பூச்சு காய்ந்ததும் தண்ணீர் நிரப்பி இரண்டு நாள் விட்டுப் பார்ப்போம். மட்டம் இறங்கினால் கசிவு இருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் மேலே போகக் கூடாது.

முதல் தொட்டி வெறும் தெளிவுத் தொட்டி. கனமானது அடியில் உட்காரும், இலேசானது மேலே ஏடாக மிதக்கும். நடுவில் இருக்கும் தெளிந்த தண்ணீர் மட்டும் அடுத்ததற்குப் போக, வெளிவாயில் ஒரு டீ வடிவக் குழாய் இணைப்பைப் பொருத்தி அதன் கீழ்க்கையை ஒன்றரை அடி ஆழத்துக்கு இறக்க வேண்டும்.

இரண்டாவதும் மூன்றாவதும் காற்றில்லா வடிகட்டிகள். தண்ணீர் குழாய் வழியாக அடிக்கு இறங்கி, கல்லடுக்கு வழியாக மேலேறி, அடுத்த தொட்டிக்கு வழியும். கல்லடுக்குக்கு இரண்டரை அடி உயரத்துக்குச் செங்கல் துண்டோ ஒன்றரை இன்ச் ஜல்லியோ போடலாம். இடித்த வீட்டுச் செங்கல் கிடைத்தால் நல்லது, அதன் சொரசொரப்பில் நுண்ணுயிர் நன்றாகப் பிடிக்கும். மேலே மூடி, வாயு போக ஒரு குழாய், அதன் நுனியில் கொசுவலை.

தொடங்கும் நாளில் கோபர் காஸ் கலனிலிருந்து வெளிவரும் சாணக் கரைசல் நூறு லிட்டர் வாங்கி இந்த இரண்டிலும் ஊற்றிவிடுங்கள். தயிருக்கு உறை ஊற்றுவது போலத்தான். அந்தக் கரைசல் கிடைக்காவிட்டால் பசுஞ்சாணத்தைக் கரைத்து, சாக்கில் வடிகட்டி ஊற்றலாம். வேலைக்கு வர இன்னும் சில வாரம் கூடுதலாகும்.

மூன்றாம் நிலை: படுகை

இரண்டரை அடி ஆழம் வெட்டுவோம். நுழைவிலிருந்து வெளிவாய்வரை அடிமட்டம் 2 முதல் 4 இன்ச் சரிந்தால் போதும். கொத்தனாரின் ரசமட்டக் குழாயால் நான்கு மூலையையும் பார்த்துக்கொள்ளுங்கள். அகலவாக்கில் மட்டம் சாய்ந்திருந்தால் தண்ணீர் ஒரே ஓரமாக ஓடி, மறு ஓரத்துச் செடி வாடும்.

குழியில் துருத்தும் வேரையும் கல்லையும் பொறுக்கிவிட்டு, பழைய சாக்குகளைப் பரப்பி, அதன்மேல் பண்ணைக்குட்டைக்குப் போடும் 500 மைக்ரான் ஷீட்டை விரிப்போம். ஓரங்கள் மேலே வந்து மடங்கி மண்ணுக்குள் புதைய வேண்டும். எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 72 சதுர மீட்டர் பிடிக்கும். ஷீட்டின் மேலும் ஒரு வரிசை சாக்கு போட்டால் ஜல்லி குத்தாது. சுற்றிலும் ஒரு அடிக்கு வரப்பு எடுத்து மழைத் தண்ணீர் உள்ளே வராமல் செய்வோம்.

ஜல்லி 2 அடி உயரத்துக்கு நிரம்ப வேண்டும். கணக்குப் போட்டால் 660 கன அடி, அதாவது ஆறரை யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல். இரு முனைகளிலும் இரண்டிரண்டு அடிக்கு ஒன்றரை இன்ச் ஜல்லி. நடுவில் முழுவதும் முக்கால் இன்ச் ஜல்லி. மணல் வேண்டாம்.

இங்கே நாங்கள் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் முதல் படுகையில் ஜல்லியை லாரியிலிருந்து இறக்கி அப்படியே குழிக்குள் தள்ளினோம். கிரஷர் தூசி அடியில் போய்ச் சேறாக இறுகியது. இரண்டாம் மாதமே தண்ணீர் ஜல்லிக்கு மேலே ஏறி நின்றது, கொசு வந்தது, வாடை வந்தது. ஆறரை யூனிட் ஜல்லியையும் கூடையால் வெளியே எடுத்து, சல்லடையில் கொட்டி, குழாயடித்துக் கழுவி மறுபடியும் நிரப்பினோம். நான்கு பேருக்கு ஒன்பது நாள் ஆனது. ஆகவே கையில் எடுத்து ஒரு வாளித் தண்ணீரில் போட்டால் தண்ணீர் கலங்காத அளவுக்கு ஜல்லியைக் கழுவிய பிறகே உள்ளே போடுங்கள்.

தண்ணீர் நுழையும் முனையில் அகலம் முழுக்க ஒரு 4 இன்ச் பிவிசி குழாய், அதில் அரை அடிக்கு ஒரு துளை. வெளியேறும் முனையில் அதேபோல் துளையிட்ட குழாய், ஆனால் ஜல்லியின் அடியில். ஷீட்டைத் துளைத்துக் குழாய் வெளியே வரும் இடத்தில் அதற்கென்று விற்கும் ரப்பர் வளையத்தைப் போட்டு இறுக்க வேண்டும். கசிவு வந்தால் இங்கேதான் வரும்.

ஒரு எல்போவின் வேலை

படுகைக்கு வெளியே ஒரு சின்னத் தொட்டி கட்டி, வெளிவரும் குழாயின் நுனியில் ஒரு எல்போவும், அதில் ஒன்றரை அடிக் குழாய்த் துண்டும் மாட்டுவோம். எல்போவை ஒட்டக் கூடாது, திருப்ப வர வேண்டும். துண்டு நிமிர்ந்து நின்றால் படுகையில் தண்ணீர் உயரும். சாய்த்தால் இறங்கும். மொத்தப் படுகையையும் ஆளும் கருவி இந்த எழுபது எண்பது ரூபாய்ச் சாமான்தான்.

தண்ணீர் மட்டம் எப்போதும் ஜல்லியின் மேல்பரப்புக்கு 2, 3 இன்ச் கீழே இருக்கட்டும். மேலே நடந்தால் கால் நனையக் கூடாது, ஜல்லியை விரலால் கிளறினால் ஈரம் தட்டுப்பட வேண்டும். அப்படி இருந்தால் கொசுவுக்கு முட்டையிட இடமில்லை, வாடைக்கும் வழியில்லை.

எந்தச் செடி?

முதல் பாதியில் கல்வாழை. கனமான அழுக்கைத் தாங்கும், சீக்கிரம் தூர் கட்டும், பூவும் கண்ணுக்குக் குளிர்ச்சி. பின்பாதியில் வெட்டிவேர். அதன் வேர் ஜல்லிக்குள் நேராக இறங்கும். சம்பும் கொறுக்கை நாணலும் நன்றாகவே வேலை செய்யும், ஆனால் ஆளுயரப் புதராகிப் பாம்பு தங்கும். குழந்தைகள் நடமாடும் இடமென்றால் தவிர்த்துவிடுவோம்.

ஆகாயத் தாமரையை மட்டும் கொண்டுவராதீர்கள். ஒரு துண்டு வாய்க்காலுக்குத் தப்பினால் ஊர்க் குளமே போய்விடும்.

அடிக்கு ஒன்று வீதம் நட்டால் முந்நூறுக்கு மேல் தேவைப்படும். ஒன்றரை அடி இடைவெளியில் 150 போதும், ஆறு மாதத்தில் இடைவெளி மூடிவிடும். கல்வாழைக் கிழங்கு ஊரில் கேட்டாலே கிடைக்கும். கிழங்கின் அடி தண்ணீரைத் தொடும்படி ஜல்லியை விலக்கி வைத்து, மேலே மூடிவிடுவோம். நடும்போது எல்போவை நிமிர்த்தி மட்டத்தை ஒரு இன்ச் உயர்த்திக்கொள்ளலாம்.

தண்ணீரைப் பழக்குவது

நட்ட பிறகு ஆறு வாரம் நல்ல தண்ணீர் மட்டும். புது இலை நாலைந்து விட்டதும் ஊறல் தண்ணீர் கால் பங்கு, மீதி நல்ல தண்ணீர். இரண்டு வாரம் கழித்துப் பாதி. அடுத்த இரண்டு வாரத்தில் முக்கால். அதன் பிறகே முழுவதும். இலை நுனி கருகினாலோ படுகையில் முட்டை அழுகிய வாடை வந்தாலோ ஒரு படி பின்னால் வந்து ஒரு வாரம் காத்திருப்போம். அவசரப்பட்டால் ஒரு பருவமே கைவிட்டுப்போகும்.

நாங்கள் வாரம் ஒருநாள் நான்கு கண்ணாடிப் பாட்டிலில் தண்ணீர் பிடித்து ஜன்னலில் வரிசையாக வைப்போம்: தேக்கத் தொட்டி, தெளிவுத் தொட்டி, வடிகட்டி முடிந்த இடம், படுகை முடிந்த இடம். முதல் பாட்டில் தேநீர். கடைசிப் பாட்டில் இளநீரைவிடக் கொஞ்சம் மஞ்சளாக இருக்கும். சாயம் முழுவதும் போகாது, அது உமியின் நிறம். மூடியைத் திறந்து முகர்ந்தால் மண் வாசனை வர வேண்டும். எந்தப் பாட்டிலில் மாற்றம் நின்றுபோகிறதோ, அதற்கு முந்திய தொட்டியில்தான் கோளாறு.

எவ்வளவு செலவு?

விலை ஊருக்கு ஊர் மாறும். டெல்டாவுக்குப் புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து ஜல்லி வர வேண்டியிருப்பதால் லாரி வாடகையே பாதியைத் தின்றுவிடும். கணக்குப் போட இப்படி வைத்துக்கொள்வோம். யூனிட் 6,000 ரூபாய் வீதம் ஏழரை யூனிட் ஜல்லி 45,000. உறையும் மூடியும் 21,000. தேக்கத் தொட்டி 12,000. ஷீட் 8,000. ஜேசிபி ஐந்து மணி நேரம் 7,000. குழாய், வால்வு, எல்போ 8,000. கடைசித் தொட்டி 5,000. கொத்தனார், ஆள் கூலி 20,000. செடி 2,000. இரண்டு பரிசோதனைக்கு 5,000.

கூட்டினால் 1,33,000 ரூபாய். எதிர்பாராத செலவையும் சேர்த்து ஒன்றரை லட்சம் கையில் வைத்துக்கொண்டு இறங்குங்கள். பெரிய செலவு ஜல்லி. அதற்காகப் படுகையைச் சுருக்காதீர்கள், வேண்டுமானால் ஷீட்டையும் ஜல்லியையும் இரண்டு கூடத்தார் சேர்ந்து ஒரே லாரியில் எடுங்கள். பிறகு மாதாமாதம் ஆவது சுண்ணாம்பும், வாரத்துக்கு இரண்டு மணி நேர வேலையும்தான்.

அனுமதியை மறந்துவிட வேண்டாம். புழுங்கல் கூடத்துக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணை தேவைப்படும். வரைபடத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, கட்டுவதற்கு முன்பே மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர் அலுவலகத்துக்குப் போய்வருவோம். கட்டிய பிறகு மாற்றச் சொன்னால் ஜல்லியைத்தான் மறுபடியும் அள்ள வேண்டியிருக்கும்.

எங்கே பாய்ச்சலாம்?

படுகை முடிந்த இடத்தில் ஓர் உறைத் தொட்டி வைத்து, அதில் பத்துக் கப்பி மீன் விடுவோம். மீன் துள்ளினால் தண்ணீரில் ஆக்சிஜன் இருக்கிறது என்று அர்த்தம். காலையில் எல்லா மீனும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால், அன்றைக்குத் தண்ணீர் கனம்.

ஒரு நாள் தண்ணீர் ஐம்பது வாழைக்குப் போதும். தென்னை, கோ-4 தீவனப்புல், வேலியோர மரம் எல்லாவற்றுக்கும் விடலாம். கீரைக்கும், பச்சையாகத் தின்னும் காய்க்கும் வேண்டாம். ஒரே பாத்தியில் நாள்தோறும் விடாமல் மாற்றி மாற்றிப் பாய்ச்சினால் மண் மூச்சுவிடும்.

கவனம்!

மூடிய தொட்டிக்குள் யாரும் இறங்கக் கூடாது. அரை நிமிடத்துக்கும் கூடாது, விழுந்த செருப்பை எடுக்கவும் கூடாது. உள்ளே மீத்தேனும் ஹைட்ரஜன் சல்ஃபைடும் இருக்கும். முதலில் இறங்கியவர் மயங்குவார், காப்பாற்ற இறங்கியவரும் மயங்குவார். இப்படிக் குடும்பங்கள் போன செய்தியை நாம் எத்தனையோ முறை படித்திருக்கிறோம். கழிவுத் தொட்டிக்குள் பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்கிறது. சேற்றை வெளியே நின்று மோட்டாரால்தான் எடுக்க வேண்டும். மூடிகளுக்குப் பூட்டுப் போடுங்கள், வாயு போகும் குழாய்ப் பக்கம் பீடி பற்றவைக்க விடாதீர்கள்.

பினாயில், ஆசிட், பிளீச்சிங் பவுடர் இவற்றால் தொட்டி கழுவினால் அந்தத் தண்ணீரைத் தனியே விட்டுவிடுங்கள். இரண்டு மாதம் வளர்த்த நுண்ணுயிர் ஒரு வாளி ஆசிட்டில் செத்துப்போகும். சூடான தண்ணீரும் அப்படித்தான், கை வைத்தால் வெதுவெதுப்பைத் தாண்டியிருந்தால் வால்வைத் திறக்கக் கூடாது. எலி வளை கரையில் தெரிந்தால் அன்றைக்கே அடைத்துவிடுங்கள்.

வாரமும் மாதமும்

கூடை தினமும். பாட்டில் வரிசையும் பிஹெச் காகிதமும் வாரம் ஒருமுறை. நுழைவுக் குழாயின் துளைகளை மாதம் ஒருமுறை குச்சியால் குத்திவிட வேண்டும். தெளிவுத் தொட்டியில் சேறு ஒன்றரை அடிக்கு ஏறினால் மோட்டார் வைத்து எடுத்து, உமியோடும் சாணத்தோடும் சேர்த்து மக்கவைக்கலாம், நல்ல உரம். அளக்க ஒரு நீளக் கம்பில் வெள்ளைத் துணியைச் சுற்றி இறக்கி எடுங்கள், சேறு பட்ட உயரம் துணியில் தெரியும்.

கல்வாழையை மூன்று மாதத்துக்கு ஒருமுறை அரை அடி விட்டு வெட்டிவிடுவோம். வெட்டியதைப் படுகையிலேயே போட்டால் எடுத்த சத்தெல்லாம் திரும்ப உள்ளே போய்விடும். அள்ளி எருக்குழியில் சேர்த்துவிட வேண்டும். சில வருஷம் போனால் நுழைவுமுனையின் முதல் இரண்டு அடி ஜல்லி அடைக்கத் தொடங்கும். அதை மட்டும் எடுத்துக் கழுவிப் போட்டால் போதும், அதற்காகத்தான் அங்கே பெரிய ஜல்லி போட்டோம்.

சித்திரை, வைகாசியில் கூடத்தில் வேலை இருக்காது. படுகை காய்ந்தால் படலமும் செடியும் போய்விடும். எல்போவை நிமிர்த்தி வைத்து, வாரம் இருமுறை நல்ல தண்ணீர் விட்டு மட்டத்தைக் காப்பாற்றுங்கள். உறைத் தொட்டிகளைக் காலி செய்யாமல் அப்படியே விட்டுவிடலாம். குறுவை நெல் வந்து முதல் தொட்டி ஊறியதும், அன்றைக்கே முழுத் தண்ணீரையும் திறக்காமல், மறுபடியும் கால் பங்கிலிருந்து தொடங்குவோம். இந்த முறை ஆறு வாரம் தேவைப்படாது, பத்து நாளில் கடைசிப் பாட்டில் தெளிந்துவிடும்.